அயல்நாட்டில் வாழும்போது பிறநாட்டு மளிகைப் பொருள்களை வாங்குவது பற்றி ஒரு விவாதம்

தொடுவானம் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். வேலையின் பொருட்டு நாடு விட்டு நாடு வந்து குடியேறியவர்கள் வீடு பார்ப்பதையும் வங்கிக் கணக்குத் திறப்பதையும் முதல் மாதத்திலேயே முடித்துவிடுகிறார்கள். மளிகை வாங்குவது மட்டும் ஆண்டுக்கணக்கில் தீராத சிக்கலாக நீள்கிறது. உள்ளூர்ப் பேரங்காடியில் பெரும்பாலான பொருள்கள் புரியாத மொழியில் இருக்கின்றன. பழகிய பொருள் வேண்டுமென்றால் அயல்நாட்டுப் பொருள்களுக்கென ஒதுக்கிய ஓர் அடுக்கையோ, நகரின் மறுகோடியில் உள்ள சிறிய கடையையோ, இணைய விற்பனையையோ நாட வேண்டியிருக்கிறது. அங்கே விலையும் கூடுதலாக இருக்கிறது, பொருளின் தரமும் நிச்சயமில்லை.

நான் அறிய விரும்புவது இதுதான்: பழகிய நிறுவனப் பெயரைத் தேடி அலைவது பயனுள்ளதா, அல்லது கிடைப்பதைக் கொண்டு சமாளிக்கக் கற்றுக்கொள்வது நல்லதா? வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? பயணத்தின்போது எடுத்து வருவதிலும் அஞ்சலில் வரவழைப்பதிலும் என்னென்ன கட்டுப்பாடுகள் உள்ளன? பல நாடுகளில் வாழ்ந்த அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் புதிதாக வருபவர்களுக்கு உதவியாக இருக்கும்.

நெடுவழி:

தொடுவானம் அவர்களே, நல்ல கேள்வி. நிறுவனப் பெயரைப் பற்றிய பகுதிக்கு மட்டும் முதலில் பதில் எழுதுகிறேன், ஏனெனில் பெரும்பாலானோர் பணத்தை இழப்பது அங்கேதான்.

ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே படம் கொண்ட பொட்டலம் இரண்டு நாடுகளில் விற்கப்பட்டால் உள்ளே இருப்பதும் ஒன்றே என்று நாம் எண்ணுகிறோம். அது உண்மையன்று. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பிய ஒன்றியத்தின் 19 உறுப்பு நாடுகளில் 128 உணவுப் பொருள்களின் ஏறத்தாழ 1,380 மாதிரிகள் ஒப்பிடப்பட்டன. அவற்றில் 9 விழுக்காட்டுப் பொருள்கள் முகப்பு ஒன்றாகவே இருந்தும் உள்ளடக்கத்தில் வேறுபட்டன. மேலும் 22 விழுக்காட்டில் முகப்பு ஏறக்குறைய ஒன்றாக இருக்க, உள்ளடக்கம் மாறியிருந்தது. இது ஒரே சந்தையாக இயங்கும் நாடுகளுக்குள் கண்ட நிலை என்பதைக் கவனியுங்கள். அந்த ஆண்டே இயற்றப்பட்டு 2022 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய நெறிமுறை ஒன்று, தக்க காரணமின்றி இவ்வாறு வேறுபட்ட பொருளை ஒன்றேபோல் காட்டி விற்பதை நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் செயலாகக் கருதுகிறது. கண்டம் விட்டுக் கண்டம் போகும் பொருளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இனிப்பூட்டி மாறும், எண்ணெய் மாறும், உப்பின் அளவு மாறும். சில வேளைகளில் உரிமம் பெற்ற வேறொரு தொழிற்சாலையே அதைத் தயாரித்திருக்கும்.

பொருளின் பொதுப் பெயருக்கும் இதே நிலைதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஃபெட்டா என்ற பெயரில் விற்கப்படும் பாலாடைக்கட்டி, கிரேக்க நாட்டின் குறிப்பிட்ட பகுதிகளில் செம்மறியாட்டுப் பாலில், அல்லது அதனோடு வெள்ளாட்டுப் பால் ஓரளவு சேர்த்துச் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். 2002 முதல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அமெரிக்காவிலோ அதே பெயரில் பசும்பாலில் செய்த கட்டியைச் சட்டப்படி விற்கலாம். இரண்டும் உணவுதான், ஆனால் சுவையும் உருகும் தன்மையும் வேறு. ஒன்றை மனத்தில் வைத்து மற்றொன்றை வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஆகவே முகப்பைப் பார்த்து முடிவெடுக்காமல் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள் என்பதே என் கருத்து. மூலப்பொருள் பட்டியல் ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் எடை குறையும் வரிசையில்தான் எழுதப்படுகிறது. முதல் மூன்று பொருள்களையும் அவற்றின் வரிசையையும் ஒப்பிட்டாலே இரண்டு பொட்டலங்களும் ஒன்றா வேறா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பார்கோடின் முதல் மூன்று இலக்கங்களைக் கொண்டு பொருள் தயாரான நாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அந்த எண் குறிப்பது, நிறுவனம் எந்த நாட்டின் குறியீட்டு அமைப்பில் பதிவு செய்திருக்கிறது என்பதை மட்டுமே. தயாரான இடத்தை அறிய, அதற்கென எழுதப்பட்டிருக்கும் வரியைத்தான் தேட வேண்டும்.

கதிர்முனை:

நெடுவழி சொன்னதை ஒட்டி, சமையலறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அயல்நாட்டில் ஒரு பொருளைத் தேடும்போது அதன் பெயரைத் தேடுவதைவிட, அது சமையலில் செய்யும் வேலையைத் தேடுவது பலன் தருகிறது. அந்த வேலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பின்பக்க அட்டவணையில் உள்ள ஏதோ ஓர் எண்.

கோதுமை மாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் 405, 550, 1050 என்றும் பிரான்சில் 55, 65 என்றும் மாவுப் பைகளில் எண்கள் அச்சிட்டிருப்பார்கள். அவை மாவை எரித்தபின் எஞ்சும் சாம்பலின் அளவைக் குறிக்கும் எண்கள். 100 கிராம் உலர்மாவில் ஏறத்தாழ 405 மில்லிகிராம் கனிமச் சாம்பல் எஞ்சினால் அது 405ஆம் வகை. பிரெஞ்சு எண்ணும் அதே கணக்குதான், அலகு மட்டும் வேறு. அவர்களின் 55 ஜெர்மானியரின் 550க்கு அருகில் வரும். எண் கூடக்கூட மாவில் தவிடு கூடுதல் என்று பொருள். மாவு எவ்வளவு நீளும், எவ்வளவு உப்பும் என்பதை இந்த எண் நேரடியாகச் சொல்வதில்லை. அதைப் புரத அளவுதான் சொல்லும். ஊட்டச்சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு 8 அல்லது 9 கிராம் புரதம் என்று இருந்தால் அது கேக்குக்கு ஏற்ற மென்மையான மாவு. 10 முதல் 12 வரை பொதுப் பயன்பாட்டுக்கு. அதற்கு மேல் இருந்தால் ரொட்டிக்கு. மொழி தெரியாத நாட்டிலும் இந்த ஒரு வரியைக் கொண்டு சரியான பையை எடுத்துவிடலாம்.

கிரீம் எனப்படும் பாலேட்டுக்கும் இதே முறைதான். அமெரிக்கச் சட்டப்படி கனத்த பாலேட்டில் குறைந்தது 36 விழுக்காடு கொழுப்பு இருக்க வேண்டும். பிரிட்டனின் இரட்டைப் பாலேட்டில் 48. ஜெர்மனியில் அடித்து நுரைக்கும் வகைக்கு 30 இருந்தாலே போதும். ஒரு நாட்டின் செய்முறைக் குறிப்பை வைத்துக்கொண்டு மற்றொரு நாட்டின் பாலேட்டை அடித்தால் சில வேளை நுரைக்காது, சில வேளை நொடியில் வெண்ணெயாகத் திரிந்துவிடும். பொட்டலத்தின் பெயரைத் தள்ளிவிட்டுக் கொழுப்பு விழுக்காட்டை மட்டும் பாருங்கள்.

செய்முறைக் குறிப்புகளில் வரும் அளவுகளைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்கக் கோப்பை ஏறத்தாழ 237 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியக் கோப்பை 250, ஜப்பானியக் கோப்பை 200. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லிலிட்டர். பெரும்பாலான பிற நாடுகளில் 15. ஒரு சமையலறைத் தராசு வாங்கிவிட்டால் இந்தக் குழப்பம் முழுவதும் நீங்கிவிடும். புதிதாகக் குடியேறுபவர்கள் முதலில் வாங்க வேண்டிய பாத்திரம் அதுதான் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

தொடுவானம்:

கதிர்முனை அவர்களுக்கு நன்றி. மாவு எண்ணைப் புரத எண் என்றே பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்த விளக்கம் மிகவும் பயன்படும். ஊட்டச்சத்து அட்டவணையே நாட்டுக்கு நாடு வேறு வடிவில் இருக்கிறதே, அதை எப்படி ஒப்பிடுவது? வீட்டில் இரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் இருந்தால் இது சாதாரணக் கேள்வி அன்று.

மணிப்புறா:

இதற்கு நான் பதில் எழுதலாம் என்று நினைக்கிறேன். என் குடும்பத்தில் கடுமையான ஒவ்வாமை உள்ள குழந்தை இருப்பதால், பொட்டலத்தில் உள்ள எழுத்துகளை வரி விடாமல் படிப்பது எங்களுக்கு அன்றாடக் கடமை.

முதலில் அட்டவணை. ஐரோப்பிய ஒன்றியத்தில் உப்பு என்று எழுதுவார்கள். அமெரிக்காவில் சோடியம் என்று எழுதுவார்கள். சோடியத்தின் அளவை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. இரண்டையும் ஒன்றென எண்ணி ஒப்பிட்டால், சோடியம் குறிக்கப்பட்ட பொட்டலம் உண்மையில் இருப்பதைவிட மிகக் குறைந்த உப்புடையது போலத் தோன்றும். அடுத்து மாவுச்சத்து. அமெரிக்க அட்டவணையில் மொத்த மாவுச்சத்து என்ற எண்ணுக்குள் நார்ச்சத்தும் அடங்கும். ஐரோப்பிய அட்டவணையில் நார்ச்சத்து தனியே நிற்கும். சர்க்கரை நோய்க்காக மாவுச்சத்தைக் கணக்கிட்டு உண்பவர்கள் இதை அறியாவிட்டால், நார் மிகுந்த உணவில் கணக்கு கணிசமாகப் பிசகும். ஐரோப்பாவில் 100 கிராமுக்கு என்று எழுதுவது கட்டாயம். அமெரிக்காவில் ஒரு பரிமாறலுக்கு என்று எழுதுவதே முறை. எல்லாவற்றையும் 100 கிராமுக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். ஆஸ்திரேலியாவில் ஆற்றலைக் கிலோஜூலில் எழுதுவார்கள், 4.184ஆல் வகுத்தால் கலோரி வரும்.

இனி ஒவ்வாமை. அயல்நாட்டுப் பொருள் வாங்குவோர் இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கவனிக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். எந்தெந்தப் பொருளைத் தனித்துக் காட்ட வேண்டும் என்ற பட்டியல் நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகைகள் உள்ளன. கடுகும் செலரியும் லூபின் பருப்பும் அவற்றில் அடங்கும். அமெரிக்காவில் 9 வகைகள்தான்; அவற்றிலும் எள் சேர்க்கப்பட்டது 2023 சனவரி 1 முதல்தான். கடுகு அமெரிக்கப் பட்டியலில் இல்லை. ஆகவே அமெரிக்கச் சந்தைக்கெனத் தயாரித்த ஒரு சுவைச்சாற்றில் மசாலாக்கள் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கடுகு மறைந்திருக்க இடமுண்டு. ஜப்பானில் பக்வீட் எனப்படும் தானியமும், அண்மையில் வால்நட்டும் கட்டாயப் பட்டியலில் உள்ளன. பக்வீட் ஐரோப்பியப் பட்டியலில் கிடையாது. ஒரு நாட்டின் பொட்டலத்தில் எச்சரிக்கை இல்லை என்பதால் பொருள் பாதுகாப்பானது என்று கொள்ளக்கூடாது. அந்த நாட்டின் சட்டம் அந்தப் பொருளைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இறக்குமதிப் பொருள்களில் உள்ளூர் மொழியில் ஒரு வெள்ளை ஒட்டுத்தாளை இறக்குமதியாளர் ஒட்டியிருப்பார். அது சட்டப்படி தேவையானது. ஆனால் பல கடைகளில் அது மூலப் பட்டியலின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும். மொழிபெயர்ப்பும் சில வேளை சுருக்கமாக இருக்கும். ஒரு முறை ஒரு சிறு கடையில் வாங்கிய பிஸ்கட்டில், ஒட்டுத்தாளில் தாவரக் கொழுப்பு என்று மட்டும் இருந்தது. அதை உரித்துப் பார்த்தபோது கீழே நிலக்கடலை எண்ணெய் என்று அச்சிட்டிருந்தது. அன்று முதல் ஒட்டுத்தாளும் மூல எழுத்தும் ஒத்துப்போகாத எதையும் நாங்கள் வாங்குவதில்லை.

புலால் உண்ணாதவர்களுக்கும் இதே கவனம் தேவை. மூலப்பொருள் பட்டியலில் உணவுச் சேர்க்கைகளை ஈ (E) என்ற எழுத்தும் ஓர் எண்ணும் கொண்டு குறிப்பார்கள். ஈ 120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். ஈ 904 என்பது அரக்கு. ஈ 471 தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். இந்தக் கடைசி எண்ணைக் கண்டால், தாவர மூலம் என்று தனியே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தயாரிப்பாளரிடம் மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். பெரும்பாலானோர் பதில் அனுப்புகிறார்கள்.

வெண்சங்கு:

நண்பர்கள் எழுதியவை பயனுள்ளவை. இருந்தாலும் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். குடியேறிய நாட்டில் விளைவதையும் அங்குள்ளோர் உண்பதையும் உண்ணப் பழகுவதுதான் இயல்பான வாழ்க்கை. தொலைவிலிருந்து வரும் பொருளுக்கு இவ்வளவு பணமும் நேரமும் செலவழிப்பது, வந்த இடத்தில் காலூன்றாமல் இருப்பதற்கே வழி செய்யும் என்று அஞ்சுகிறேன். சுற்றுச்சூழல் சுமையும் இருக்கிறது.

மணிப்புறா:

வெண்சங்கு அவர்களே, பெரியவர்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் முதுமையில் பிள்ளைகளோடு வாழ வந்த பெற்றோருக்கும், திடீரென்று எல்லாம் மாறிப்போன இடத்தில் உணவை மறுக்கும் சிறு குழந்தைக்கும், நோயிலிருந்து தேறி வருபவருக்கும் பழகிய உணவு ஆடம்பரம் அன்று. அவர்கள் வயிறார உண்பதே முதல் தேவை. அவர்களைப் போய்க் காலூன்றச் சொல்ல எனக்கு மனம் வராது.

நெடுவழி:

சுற்றுச்சூழல் பற்றி ஒரு குறிப்பு. தொலைவைவிட ஊர்தி முக்கியம். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல, விமானம் கப்பலைப் போல ஏறக்குறைய ஐம்பது மடங்கு வெப்பவாயுவை வெளியிடுகிறது. உலர்ந்த தானியங்களும் டப்பாப் பொருள்களும் எண்ணெயும் கப்பலில்தான் வருகின்றன. ஆகவே கண்டம் கடந்து வந்த அரிசிப்பையை எண்ணிக் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. விரைவில் வாடும் கீரையும் மென்கனிகளும் பருவமல்லாத காலத்தில் தொலைவிலிருந்து வந்திருந்தால், அவை விமானத்தில் வந்தவையாக இருக்கும். அவற்றைக் குறைத்துக்கொள்வது பொருள் பொதிந்தது. வெண்சங்கு சொல்வது அங்கே முழுவதும் பொருந்துகிறது.

வெண்சங்கு:

கப்பல், விமானம் என்ற வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன். முதியவர்களைப் பற்றி மணிப்புறா எழுதியதையும் மறுக்க முடியாது. வீட்டில் அன்றாடம் உண்ணும் காய்கறி, பால், முட்டை ஆகியவற்றையாவது உள்ளூரிலேயே வாங்கலாம் என்ற அளவில் என் கருத்தை வைத்துக்கொள்கிறேன்.

ஆழ்கடல்:

பயணத்தில் எடுத்து வருவதைப் பற்றித் தொடுவானம் கேட்டிருந்தார். சரக்குப் போக்குவரத்துத் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தக் கட்டுப்பாடுகள் வணிகத்துக்காக மட்டும் போடப்பட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இவை நோய்க்கு அஞ்சிப் போடப்பட்டவை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், கோமாரி ஆகியவற்றின் கிருமிகள் பதப்படுத்திய இறைச்சியிலும் பாலிலும் உயிரோடு இருக்கக்கூடும். எறியப்பட்ட ஓர் இறைச்சித் துண்டு ஒரு நாட்டின் பண்ணைகளையே அழித்துவிடும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், வெளிநாடுகளிலிருந்து பயணிகள் கொண்டுவரும் இறைச்சியையும் பால் பொருள்களையும் பொதுவாகத் தடை செய்கிறது. நார்வே, சுவிட்சர்லாந்து போன்ற சில அண்டை நாடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அஞ்சலில் வரும் தனிநபர்ப் பொதிகளுக்கும் இதே விதிதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. குளிர்பதனம் தேவைப்படாத, பிரிக்கப்படாத குழந்தைப் பால்மாவு 2 கிலோ வரை அனுமதிக்கப்படுகிறது. மீன் பொருள்கள் 20 கிலோ வரை கொண்டுவரலாம். தேனுக்கு 2 கிலோ. இறைச்சி கலவாத ரொட்டி, பிஸ்கட், சாக்லெட் ஆகியவற்றுக்குத் தடையில்லை.

தாவரங்களுக்குத் தனி விதி. 2019 டிசம்பர் 14 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரப்படும் ஏறக்குறைய எல்லாப் புதிய பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ் தேவை. பயணப் பெட்டியில் இருக்கும் ஒற்றை மாம்பழத்துக்கும் இது பொருந்தும். அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னும் கண்டிப்பானவை. அங்கே நினைவில் கொள்ள வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு: உணவு எதுவாக இருந்தாலும் வருகைப் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். உண்மையாக அறிவித்தவரிடமிருந்து அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். அறிவிக்காதவருக்குத் தண்டத் தொகை, சிலருக்கு விசா நீக்கம் வரை போகும். அமெரிக்காவுக்கும் இந்த அறிவுரை பொருந்தும்.

தீங்கற்றது என்று நாம் எண்ணும் பொருளே சில நாடுகளில் கடுங்குற்றமாகலாம். பல நாடுகளில் ரொட்டியின்மேல் தூவும் கசகசா, ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டது. இடைத்தங்கல் மட்டும் செய்யும் பயணியும் இதில் கவனமாக இருக்க வேண்டும். பெட்டியைக் கட்டும் உறவினருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இணையத்தில் வெளிநாட்டுக் கடைகளில் வாங்குவோருக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 சூலை 1 முதல் சிறு பொதிகளுக்கு இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கு நீக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் 800 டாலருக்குட்பட்ட பொதிகளுக்கு இருந்த சுங்க விலக்கும் 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. வரியையும் அஞ்சல் நிறுவனத்தின் கையாளும் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால், சிறிய கடையில் கூடுதல் விலை என்று தோன்றியது பெரும்பாலும் நியாயமான விலையாகவே இருக்கும். சிறிய அளவில் இறக்குமதி செய்பவர் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒட்டுத்தாள் அச்சிட்டு, ஆய்வுக் கட்டணம் கட்டி, விற்காமல் காலாவதியாகும் பங்கையும் தாங்குகிறார். அத்தகைய கடைகள் மூடப்பட்டால் நமக்குத்தான் இழப்பு.

தொடுவானம்:

ஆழ்கடல் ஐயா, கசகசா பற்றிய செய்தியை அனைவரும் தங்கள் குடும்பத்தாரிடம் சொல்ல வேண்டும். காலாவதி என்று குறிப்பிட்டதால் கேட்கிறேன்: வெவ்வேறு நாட்டுப் பொட்டலங்களில் தேதியைப் படிப்பதில் பெரும் குழப்பம் இருக்கிறதே?

கதிர்முனை:

ஆம், இரண்டு குழப்பங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று தேதியின் வடிவம். அமெரிக்காவில் மாதம் முன்னே வரும்; ஐரோப்பாவில் நாள் முன்னே வரும்; சீனா, ஜப்பான், கொரியாவில் ஆண்டு முன்னே வரும். தாய்லாந்துப் பொட்டலங்களில் புத்த ஆண்டு அச்சிட்டிருக்கலாம். அதிலிருந்து 543ஐக் கழிக்க வேண்டும். தைவானின் உள்நாட்டுப் பொருள்களில் குடியரசு ஆண்டு இருந்தால் அதனோடு 1911ஐக் கூட்ட வேண்டும். அங்கே 114 என்றால் 2025. சீனப் பொட்டலங்களில் தயாரித்த தேதியை ஓரிடத்திலும், எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்பதை மற்றோரிடத்திலும் எழுதும் வழக்கம் உண்டு. தயாரித்த தேதியைக் காலாவதித் தேதி என்று எண்ணி நல்ல பொருளைக் குப்பையில் எறிபவர்கள் இருக்கிறார்கள்.

மற்றொன்று தேதியின் பொருள். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் இரண்டு வகைத் தேதிகள் உண்டு. இறைச்சி, மீன் போன்ற விரைவில் கெடும் பொருள்களில் இந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்று இருக்கும். அது உடல்நலம் பற்றியது, ஒரு நாளும் தாண்டக்கூடாது. உலர் பொருள்களிலும் டப்பாக்களிலும் இந்தத் தேதிவரை தரம் சிறப்பாக இருக்கும் என்ற பொருளில் இருக்கும்; அதைத் தாண்டியும் பொருள் உண்ணத் தக்கதாகவே இருக்கலாம், பல நாடுகளில் விற்பதும் சட்டப்படி குற்றமன்று. இறக்குமதிக் கடைகளில் பாதி விலையில் கிடைப்பவை பெரும்பாலும் இவைதான். அரிசி, பாஸ்தா, உப்பு, வினிகர், தேன் ஆகியவற்றை அப்படித் தயங்காமல் வாங்குகிறேன். எண்ணெய், கொட்டைகள், முழுத்தானிய மாவு ஆகியவற்றை வாங்குவதில்லை; அவற்றின் கொழுப்பு காற்றுபட்டு ஊசிப்போகும், கப்பலின் வெப்பத்தில் பல வாரம் இருந்திருந்தால் தேதிக்கு முன்பே ஊசியிருக்கக்கூடும். அமெரிக்காவில் குழந்தைப் பால்மாவைத் தவிர மற்றவற்றுக்குத் தேதி இட வேண்டும் என்ற நடுவண் சட்டமே இல்லை. அங்கே அச்சிட்டிருப்பது பெரும்பாலும் தயாரிப்பாளரின் மதிப்பீடு.

நெடுவழி:

மசாலாப் பொருள்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. தாவரவியல் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அது எந்த நாட்டிலும் மாறாது. இது வசதிக்காக மட்டும் சொல்வதன்று. சமையலுக்குரிய அன்னாசிப்பூ இல்லிசியம் வேரம் என்ற சீன மரத்தின் காய். அதன் உறவான இல்லிசியம் அனிசேட்டம் என்ற ஜப்பானிய மரத்தின் காய் நச்சுத்தன்மை உடையது. உலர்ந்த நிலையில் இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது மிகக் கடினம். இரண்டும் கலந்துபோன தேநீரால் வலிப்பு நோய்க்குறிகள் தோன்றியதை ஒட்டி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003இல் எச்சரிக்கை விடுத்தது. பெயரும் இறக்குமதியாளர் முகவரியும் இல்லாத பையில் கிடைக்கும் அன்னாசிப்பூவை விலை குறைவென்று வாங்காதீர்கள்.

இலவங்கப்பட்டையிலும் இரண்டு உண்டு. சின்னமோமம் வேரம் எனப்படும் இலங்கைப் பட்டை மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும். காசியா வகைப் பட்டை தடித்து ஒற்றை மடிப்பாக இருக்கும். காசியாவில் கூமரின் என்ற பொருள் மிகுதி. கூடுதலாக உட்கொண்டால் அது சிலரின் கல்லீரலைப் பாதிக்கும். ஜெர்மனியின் மத்திய இடர் மதிப்பீட்டு நிறுவனம், 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு அரை கிராமுக்கு மேல் காசியாப் பட்டை வேண்டாம் என்கிறது. எப்போதாவது சேர்ப்பவர்களுக்குக் கவலையில்லை. நாள்தோறும் கஞ்சியில் தூவிக் கொடுப்பவர்கள் இலங்கைப் பட்டையைத் தேடி வாங்குவது நல்லது. பொடியாக்கிவிட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது என்பதால், பட்டையாகவே வாங்கி வீட்டில் பொடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: உங்கள் நாட்டவரின் கடை அருகில் இல்லையென்றால் வேறு நாட்டவரின் கடைகளுக்குள் நுழைந்து பாருங்கள். ஒரே பருப்பும் விதையும் மாவும் பல நாட்டுச் சமையல்களில் உள்ளன. தாவரவியல் பெயரைக் காட்டிக் கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். மொழி தடையானால் கைப்பேசியின் படக்கருவியால் பொட்டலத்தை மொழிபெயர்த்துக்கொள்ளலாம். ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் அந்த மொழிபெயர்ப்பை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

தொடுவானம்:

எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் கற்றுக்கொண்டேன், அனைவருக்கும் நன்றி. ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. சிறிய கடைகளில் உறைநிலைப் பொருள்கள் பல கிடைக்கின்றன. வழியில் உருகி மறுபடி உறைந்தவையா என்பதை வாங்குமுன் அறிய வழி உண்டா?

ஆழ்கடல்:

ஓரளவு உண்டு. உறைநிலைப் பொருள் சுழியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியசில் தொடர்ந்து இருக்க வேண்டும். பொட்டலத்தைக் கையில் எடுத்து மெல்லக் குலுக்குங்கள். பட்டாணி, நறுக்கிய காய் போன்றவை தனித்தனியாக உருண்டால் நல்லது. ஒரே கட்டியாக ஒட்டியிருந்தால் இடையில் உருகியிருக்கிறது. பைக்குள் பனித்தூள் மிகுதியாகச் சேர்ந்திருந்தாலும், அட்டைப்பெட்டி நனைந்து காய்ந்து உருமாறியிருந்தாலும் தவிர்த்துவிடுங்கள். பெட்டகத்தின் மேல்விளிம்புக் கோட்டுக்கு மேலே அடுக்கியிருப்பவற்றை எடுக்க வேண்டாம். அங்கே குளிர் போதாது. இறைச்சியிலும் மீனிலும் ஐயம் எழுந்தால் வாங்காமல் விடுவதே சரி. காய்கறி என்றால் சுவையும் மென்மையும் குறையும், அன்றே சமைத்துவிட்டால் பெரும்பாலும் தீங்கில்லை. சரக்கு இறங்கும் நாள் எது என்று கடைக்காரரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். அடுத்த முறை என்ன வரவழைக்க வேண்டும் என்று உங்களிடமே கேட்பவர்களும் உண்டு.

தொடுவானம்:

நன்றி ஐயா. இந்த வாரமே கேட்டுப் பார்க்கிறேன். ஒவ்வாமைப் பட்டியல்களை நாடுவாரியாக ஒப்பிட்டு மணிப்புறா அவர்கள் தனி இழை ஒன்றைத் தொடங்கினால், அதையும் இங்கே இணைத்துவிடலாம்.

மணிப்புறா:

தொடங்குகிறேன். கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகிய நாடுகளின் பட்டியல்களை அந்தந்த அரசுத் தளங்களில் சரிபார்த்த பிறகு பதிகிறேன். வேறு நாடுகளில் வசிப்பவர்கள் தங்கள் நாட்டின் கட்டாயப் பட்டியலை இந்த இழையிலேயே எழுதி வைத்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்கிறேன்.